இரவுணவுப் பெட்டியின் வரலாறு

அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் ஆண்டு தவறாது குறித்துவைத்த வரலாற்றாசிரியர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் மாலைப்பொழுதில் எழுகின்ற ஒரு வினாவை ஏட்டில் எழுதாமலே விட்டுவிட்டனர். "இன்று இரவு என்ன சமைப்பது?" என்பதே அவ்வினா. கேட்பதற்கு மிகச் சிறியது. ஆயினும் அதற்கு விடை காணும்பொருட்டுக் கடந்த 150 ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கங்கள் நிறுவப்பட்டிருக்கின்றன, தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன, பெருந்தொகையான செல்வம் ஈட்டப்பட்டும் இழக்கப்பட்டும் இருக்கின்றது. அம்முயற்சிகளின் வரிசையிலே அண்மையில் வந்து சேர்ந்தது, மேனாட்டு நகரங்களில் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்ற சமையற் பெட்டி. அது எவ்வாறு பிறந்தது, குடும்பங்கள் அதனை ஏன் விரும்பி வரவேற்றன, வரவேற்றவருட் பலர் ஏன் சிறிது காலத்திலேயே அதனைக் கைவிட்டனர் என்பவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதற்கண் இப்பெட்டி யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. சமைத்த உணவை உணவுச்சாலையிலிருந்து தருவித்து உண்பது ஒரு வகை. அரிசி, பருப்பு, மரக்கறி முதலியவற்றைக் கடையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவிப்பது மற்றொரு வகை. சமையற் பெட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வாரத்தில் இத்தனை நாளைக்கு, இத்தனை பேருக்கு என்று குடும்பத்தார் முன்கூட்டியே பதிந்துகொள்கின்றனர். நிறுவனம் வெளியிடும் பட்டியலிலிருந்து மூன்று அல்லது நான்கு உணவு வகைகளைத் தெரிவு செய்கின்றனர். குறித்த நாளில் தடித்த அட்டைப் பெட்டியொன்று வாயிலில் வந்திருக்கின்றது. அதனுள்ளே வெப்பம் புகாத உறை, உறையினுள் பனிக்கட்டிப் பொதிகள், அவற்றோடு இறைச்சியோ மீனோ, மேலே மரக்கறிகள். சமையலுக்கு இரண்டு வெள்ளைப்பூண்டுப் பற்கள் தேவையாயின் அவ்வளவிற்கே பூண்டு இருக்கும். ஒரு மேசைக்கரண்டி வினாகிரி தேவையாயின், சிறு போத்தலில் அந்த ஒரு கரண்டி அளவே இருக்கும். ஒவ்வொரு உணவுக்கும் ஓர் அட்டை. அதிலே செய்முறை படிப்படியாகப் படங்களோடு விளக்கப்பட்டிருக்கும். எண்ணெய், உப்பு, மிளகு போன்றவை மாத்திரமே வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை. வெட்டுதல், வதக்குதல், வேகவைத்தல் ஆகிய யாவும் வீட்டாரின் கைப்பணியே.

இரவுணவு என்று நாம் ஒரு சொல்லாற் குறிக்கும் செயல் உண்மையில் மூன்று தொழில்களால் ஆனது. என்ன சமைப்பதென்று தீர்மானித்தல் முதலாவது. வேண்டிய பொருள்களைத் தேடிப் பெறுதல் இரண்டாவது. அடுப்பேற்றிச் சமைத்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது எல்லார் கண்ணுக்கும் தெரிவது. புகையும் மணமும் ஓசையும் அதற்குச் சாட்சி. இரண்டாவது பாதி தெரிவது. சந்தைக்குப் போய் வருபவரின் கைப்பை அதற்குச் சாட்சி. முதலாவதற்கோ சாட்சியே இல்லை. பெட்டியில் எஞ்சியிருக்கும் கத்தரிக்காய் நாளைவரை தாங்குமா, சிறிய பிள்ளைக்குக் காரம் ஒத்துவருமா, மாமனாருக்கு வைத்தியர் விலக்கிய பண்டம் எது, மாத முடிவில் கையிருப்பு எவ்வளவு என்றெல்லாம் கணக்கிடும் அவ்வேலை முழுவதும் ஒருவரின் உள்ளத்துக்குள்ளேயே நடைபெறுகின்றது. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் இல்லத்தரசியே. சீர்திருத்தம் செய்யப் புகுந்தோர் இம்மூன்று தொழில்களில் எதனைக் கைக்கொண்டனர் என்று நோக்கினால், சமையற் பெட்டியின் இடம் நமக்கு எளிதிற் புலனாகும்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் நகர் உண்டு. அங்கே வாழ்ந்த மெலுசீனா பே பியர்ஸ் என்னும் அம்மையார், 1868ஆம் ஆண்டில் 'அற்லாண்டிக் மன்த்லி' என்ற சஞ்சிகையில் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதத் தொடங்கினார். தத்துவ அறிஞர் சார்ள்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் என்பாரின் மனைவியாய் அப்போது விளங்கிய இவர், 'கூட்டுறவு இல்லறம்' என்னும் கருத்தை முன்வைத்தார். அயலிலுள்ள பெண்கள் ஒன்றுசேர்ந்து சமையல், சலவை, தையல் முதலிய வேலைகளைப் பொதுவிடம் ஒன்றில் நடத்துதல் வேண்டும்; ஆக்கிய உணவும் வெளுத்த ஆடையும் வீடுகளுக்கு அனுப்பப்படுதல் வேண்டும்; அவற்றுக்குரிய விலையைத் தத்தம் கணவன்மாரிடமிருந்தே காசாகப் பெறுதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இறுதியாகக் கூறிய இக்கருத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். வீட்டுவேலைக்குக் காசுக்கணக்கு எழுத வேண்டும் என்று துணிந்து சொன்னவர்களுள் அவர் முன்னோடி. அவர் முயற்சியாற் கேம்பிரிட்ஜில் ஒரு சங்கமும் தோன்றியது. ஆனால் உறுப்பினரின் கணவர் பலர் அதனை விரும்பவில்லை. தம் மனைவியர் தமக்கன்றிப் பிறருக்கும் உழைப்பதாவது என்று முகஞ்சுளித்தனர். 1871ஆம் ஆண்டளவில் அச்சங்கம் மூடப்பட்டது.

எனினும் கருத்து அழியவில்லை. 1898இல் சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் அம்மையார் 'பெண்களும் பொருளாதாரமும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டு, இனிவரும் வீடுகளுக்குச் சமையலறையே வேண்டாம் என்று வாதித்தார். உணவாக்கம், பல் வைத்தியம்போலப் பயிற்சி பெற்றோர் செய்யும் தொழிலாக மாறுதல் வேண்டும் என்பது அவர் எண்ணம். உருசியாவில் புரட்சிக்குப் பின் இதே எண்ணம் அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. 1925இல் இவானோவோ வொஸ்னெசென்ஸ்க் என்னும் நெசவாலை நகரில் 'ஆலைச் சமையற்கூடம்' ஒன்று திறக்கப்பட்டது. தொழிலாளப் பெண்களை அடுப்படியிலிருந்து மீட்பதே அதன் நோக்கம் என்று பறைசாற்றப்பட்டது. இவ்வாறு இருவேறு உலகங்களில் வாழ்ந்தோர் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்புக்குரியது. மூன்று தொழில்களையும் ஒருங்கே வீட்டிலிருந்து அகற்றிவிடலாம் என்பதே அம்முடிவு. ஆனால் பொதுவிடத்தில் ஆக்கிய சோறு எவ்வளவு நன்றாயினும், வீட்டுக்கு வீடு வேறுபடும் நாவின் சுவைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. குடும்பங்கள் தத்தம் அடுப்பை விட்டுக்கொடுக்க மறுத்தன.

அடுப்பு வீட்டில் இருந்தே தீரும் என்றால், அதன் அருகே நடக்கும் தூரத்தையேனும் குறைக்கலாமே என்று எண்ணியவர் மற்றொரு சாரார். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞரான மார்கரெற்றே ஷூற்றே லிஹொற்ஸ்கி அம்மையார், ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சிறிய சமையலறையொன்றை வரைந்தார். நீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர், அகலம் 1.9 மீற்றர். புகையிரதத்தில் உணவு ஆக்கும் நெருக்கமான அறை அவருக்கு மாதிரியாக அமைந்தது. அடுப்பும் நீர்த்தொட்டியும் மேசையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அரிசி, மா, சீனி என்று பெயர் பொறித்த அலுமினியப் பேழைகள் சுவரோடு சுவராகச் செருகப்பட்டிருந்தன. பிராங்க்பேர்ட் நகரில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைந்தது. கால்களின் களைப்பை அது குறைத்தது உண்மை. ஆனால் ஒருவர் மாத்திரமே நிற்கக்கூடிய அவ்வறையில், என்ன சமைப்பது என்று எண்ணும் தனிமையும் அவ்வொருவருக்கே உரியதாயிற்று.

இனி, பெட்டியின் நேரடி முன்னோர்களைப் பார்ப்போம். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எற்றோரே பொயார்டி என்னும் சமையற்கலைஞர், 1924ஆம் ஆண்டில் கிளீவ்லாண்ட் நகரில் உணவுச்சாலை ஒன்றைத் திறந்தார். அவர் ஆக்கும் தக்காளிக் குழம்பின் சுவையில் மயங்கிய வாடிக்கையாளர் அதனை வீட்டுக்கும் கேட்கலாயினர். அவர் பாற்போத்தல்களைக் கழுவி அவற்றில் நிறைத்துக் கொடுத்தார். பின்னர் குழம்போடு உலர்ந்த ஸ்பகெற்றியையும் துருவிய பாற்கட்டியையும் சேர்த்து ஒரே பொதியாக விற்றார். 1928இல் இதற்கெனவே தொழிற்சாலையொன்று எழுந்தது. 'செப் பொயார்டி' என்ற பெயரில் அந்நிறுவனம் பிற்காலத்தில் தகரத்திலடைத்த உணவுக்கே புகழ்பெற்றது. எனினும் அளந்து கட்டிய பொருள்கள் ஒருங்கே ஒரு பொதிக்குள் வீட்டுக்குச் செல்லுதல் என்னும் இன்றைய எண்ணத்தின் வித்து அந்த முதற் பொதியிலேயே காணப்படுகின்றது. பொருளாதாரமந்தம் நிலவிய 1937ஆம் ஆண்டில் கிராப்ற் நிறுவனம் மக்கரோனியையும் பாற்கட்டித் தூளையும் ஒரு பெட்டியில் அடைத்து 19 சதத்துக்கு விற்றது. அது நால்வருக்குப் போதுமான உணவு என்று விளம்பரம் செய்யப்பட்டது.

இக்காலத்தே நிகழ்ந்த சிறு செய்தியொன்று நம் கவனத்துக்குரியது. பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த டப் என்னும் நிறுவனத்தார் தண்ணீர் சேர்த்தவுடன் பதமாகும் கேக் மாக்கலவையை ஆக்கினர். முட்டையும் தூளாகவே அதிற் கலந்திருந்தது. ஆனால் 1935ஆம் ஆண்டில் அவர்கள் பெற்ற காப்புரிமையில், இல்லத்தரசிகள் புதிய முட்டையைத் தாமே உடைத்துச் சேர்ப்பதையே விரும்புகின்றனர் என்று குறிக்கப்பட்டிருந்தது. எல்லா வேலையையும் பிறர் செய்து முடித்துவிட்டால், ஆக்கிய பண்டம் தமது என்று சொல்லிக்கொள்ள இடமில்லாமற் போகின்றது. தம் கை சிறிதளவேனும் பட்ட உணவையே தம்மவர்க்குப் படைக்க மனிதர் விரும்புகின்றனர். பிற்காலத்தில் சமையற் பெட்டியை ஆக்கியோர் அடுப்பை வீட்டாரிடமே விட்டுவைத்ததற்கு இவ்வியல்பே பெருங்காரணம் எனலாம்.

இதற்கு நேர்மாறான பாதையிற் சென்றது உறைய வைத்த உணவு. 1930இல் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பாரின் முறைப்படி விரைவாக உறைய வைத்த மரக்கறியும் மீனும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 1950களின் முற்பகுதியில் ஒமஹா நகரைச் சேர்ந்த சுவான்சன் நிறுவனத்தார், வான்கோழி இறைச்சி, பட்டாணி, வற்றாளங்கிழங்கு ஆகியவற்றை மூன்று குழிகள் கொண்ட அலுமினியத் தட்டில் அடைத்து, 'ரெலிவிஷன் இரவுணவு' என்று பெயரிட்டனர். விலை 98 சதம். 25 நிமிடங்கள் சூட்டடுப்பில் வைத்தாற் போதும். 1954ஆம் ஆண்டில் மாத்திரம் ஒரு கோடித் தட்டுகள் விற்பனையாயின என்பர். மூன்று தொழில்களும் மறைந்துவிட்டன போலத் தோன்றிற்று. ஆனால் குடும்பத்தாரை ஒரு மேசையில் எதிரெதிரே அமர்த்தும் தேவையும் அவற்றோடு மறைந்தது.

இத்துணைப் புதுமைகள் வந்தபின் வீட்டுவேலை குறைந்திருக்க வேண்டுமல்லவா? 1974ஆம் ஆண்டில் ஜோஆன் வானெக் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணக்கு வேறுவிதமாக இருந்தது. வெளித்தொழில் புரியாத அமெரிக்க இல்லத்தரசி 1924ஆம் ஆண்டில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணித்தியாலங்கள் வீட்டுக்காக உழைத்தாள். 1960களில் அவள் உழைத்த நேரம் 55 மணித்தியாலங்கள். சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் தகரத்திலடைத்த உணவும் வந்தும் நேரம் குறையவில்லை. 1983இல் வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ற்ஸ் கவன் தம் நூலில் இதன் காரணத்தை விரித்துரைத்தார். கருவிகள் வந்தபோது, முன்னர்க் கணவரும் பிள்ளைகளும் பணியாளரும் செய்த பங்குகள் மறைந்தன. தாயின் பங்கு தங்கிவிட்டது. தூய்மையையும் உணவு வகைகளையும் பற்றிய எதிர்பார்ப்புகளும் உயர்ந்தன. கடைக்காரன் முன்பு வீட்டுக்கு அனுப்பிய பொருளை, மோட்டார் வண்டி வந்தபின் அவளே ஓட்டிச் சென்று வாங்கிவர வேண்டியதாயிற்று.

தீர்மானித்தல், தேடிப் பெறுதல் ஆகிய முதல் இரண்டு தொழில்களை மாத்திரம் அகற்றி, மூன்றாவதை வீட்டிலேயே விட்டுவைக்கும் முறை, தொடர்ச்சியான வாணிபமாகத் தழைத்த நாடுகளுள் யப்பான் குறிப்பிடத்தக்கது. 1975ஆம் ஆண்டில் ஷிசுவோகா நகரில் யொஷிகெய் என்னும் நிறுவனம் தோன்றியது. இரவுணவுக்கு வேண்டிய பொருள்களையும் அதற்கான செய்முறையையும் அது வீடுதோறும் கொண்டுசென்று கொடுத்தது. அயல்வீட்டார் குழுவாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பொருள்களைத் தருவிக்கும் வழக்கம் அந்நாட்டில் முன்னரே பரவியிருந்தமை இதற்குத் துணைசெய்தது. 1988இல் யமாற்றோ நிறுவனம் பொதிகளைக் குளிரவைத்தே நாடெங்கும் கொண்டுசெல்லும் சேவையை விரிவாக்கியது. மீனும் இறைச்சியும் பழுதுபடாமல் வாயிலை அடைவதற்கான வழி இவ்வாறு செப்பனிடப்பட்டது. மேனாட்டினர் புதிதென்று கொண்டாடிய முறை, யப்பானியக் குடும்பங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய ஒன்று.

ஐரோப்பாவில் இது தோன்றிய இடம் சுவீடன். 2007ஆம் ஆண்டில் கிக்கி தியாண்டர் என்னும் அம்மையார் 'மித்தாக்ஸ்பிரீட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுவீடிய மொழியில் 'மித்தாக்' என்பது இராப்போசனம். 'பிரீட்' என்பது அமைதி. இராப்போசன அமைதி என்று பெயர் சூட்டியதிலிருந்தே, அதற்கு முன் அவ்வேளையில் வீடுகளில் எது நிலவிற்று என்பது விளங்கும். அடுத்த ஆண்டில் உடன்பிறந்தார் இருவர் தொடங்கிய 'லீனாஸ் மாற்காஸ்ஸே', அதாவது லீனாவின் உணவுப்பை, நாடெங்கும் பரவியது. இவ்வழக்கம் சுவீடனில் ஏன் வேரூன்றிற்று என்று கேட்கலாம். 1971இல் அந்நாட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே வரி விதிக்கும் முறை வந்தது. 1974இல் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான பெற்றோர் விடுமுறை வந்தது. இருவரும் தொழிலுக்குச் செல்லும் குடும்பமே அங்கு பொது வழக்காயிற்று. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு களைத்து வீடு திரும்பும் இருவருக்கு, சமைப்பதற்குக் கை இருந்தது. எண்ணுவதற்குத்தான் மனம் இருக்கவில்லை.

இவ்வெண்ணத்தைப் பெருமுதலீட்டாளர் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆகவில்லை. 2011இல் பெர்லினில் 'ஹலோபிரெஷ்' நிறுவனமும், 2012இல் நியூ யோர்க்கில் 'புளூ ஏப்ரன்', 'பிளேற்றட்' என்னும் நிறுவனங்களும் தோன்றின. இவ்வாணிபத்தின் கணக்கு கவர்ச்சியானது. சாதாரணக் கடைக்காரர் முதலிற் பொருளை வாங்கி அடுக்கிவைத்து, வாடிக்கையாளரை எதிர்பார்த்திருப்பார். விற்காத கீரை வாடும். பெட்டிக்காரரோ முதலிற் கட்டளையைப் பெற்று, பின்னர் அதற்கு வேண்டிய அளவே பொருளை வாங்குவார். ஆகவே விரயம் குறைவு; பணமும் முன்னரே கைக்கு வந்துவிடும். இருவருக்கு மூன்று நாளைக்கான புளூ ஏப்ரன் பெட்டியின் விலை தொடக்க காலத்தில் ஏறத்தாழ 60 டொலர். அதாவது ஒரு தட்டு உணவு 10 டொலர். உணவுச்சாலைக்குச் செல்வதிலும் இது மலிவு. கடையில் தாமே வாங்கிச் சமைப்பதிலும் இது அதிகம்.

ஒரு குடும்பம் இதனைச் சோதித்துப் பார்க்கும்போது நிகழ்வதென்ன? முதல் வாரம் திருவிழாப்போன்றது. பெட்டியைத் திறப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டு. அட்டையிலுள்ள படங்களைப் பார்த்து, சமையலறைப் பக்கமே வந்தறியாத தந்தையும் கத்தியை எடுக்கின்றார். மகள் கரட்டைச் சீவுகின்றாள். அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத வாசனையிலைகள் வீட்டினுள் நுழைகின்றன. மாலை வினாவுக்கு விடை முன்னரே எழுதப்பட்டிருப்பதால் வாக்குவாதம் இல்லை. இவையெல்லாம் மெய்யான நன்மைகள். ஆயினும் மூன்றாம் வாரமளவிற் குறைகளும் தலைகாட்டுகின்றன. முப்பது நிமிடம் என்று அட்டை சொன்னாலும், பழக்கமில்லாதவருக்கு அதனிலும் கூடுதலான நேரம் செல்கின்றது. கழுவுவதற்குரிய பாத்திரங்களை எவரும் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதில்லை. வளரும் பையனுக்கு அளந்த உணவு போதுவதில்லை. எதிர்பாராமல் வந்த விருந்தினருக்கு அதில் இடமே இல்லை. ஒரு வாரம் வேண்டாம் என்றால் அதனை நாள் தவறாமல் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். மறந்தால் பெட்டி வந்துவிடும். எண்ணும் வேலையை ஒழிக்க வந்த பெட்டி, தன்னைப்பற்றி எண்ணும் வேலையொன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது.

இதன் விளைவு பங்குச் சந்தையில் வெளிப்பட்டது. முதற் பெட்டியைப் பாதி விலைக்கும் அதனிற் குறைவாகவும் கொடுத்து வாடிக்கையாளரைச் சேர்த்தனர். சலுகை முடிந்ததும் பலர் விலகினர்; விலகியோரின் இடத்தை நிரப்ப மேலும் விளம்பரம் வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புளூ ஏப்ரன் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. பங்கொன்றுக்கு 15 முதல் 17 டொலர்வரை முதலில் எதிர்பார்க்கப்பட்டது. அம்மாத நடுப்பகுதியில் அமசன் நிறுவனம் ஹோல் பூட்ஸ் கடைகளை வாங்கப்போவதாக அறிவித்தது. பங்கு 10 டொலருக்கே விற்கப்பட்டது. அதே ஆண்டில் அல்பேர்ட்சன்ஸ் கடைத் தொகுதியினர் பிளேற்றட் நிறுவனத்தை வாங்கி, 2019இல் அதன் வீட்டுச் சேவையை நிறுத்தினர்.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகைப் பீடித்தது. கடைக்குச் செல்ல அஞ்சிய குடும்பங்கள் பெட்டியை நாடின. ஹலோபிரெஷ் நிறுவனத்தின் வருமானம் 2019இல் ஏறத்தாழ 180 கோடி யூரோவாக இருந்து, 2020இல் ஏறத்தாழ 375 கோடியாகவும், 2021இல் ஏறத்தாழ 600 கோடியாகவும் பெருகிற்று. 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது ஜேர்மனியின் முதன்மைப் பங்குச்சுட்டியான டக்ஸில் இடம்பெற்றது. ஓராண்டு கழிய அவ்விடத்தை இழந்தது. கதவுகள் திறக்கப்பட்டதும் மக்கள் மீண்டும் சந்தைக்கும் உணவுச்சாலைக்கும் சென்றனர். 2023இல் புளூ ஏப்ரன் 103 மில்லியன் டொலருக்கு வேறொரு நிறுவனத்தாரிடம் கைமாறியது. பங்கு விற்ற நாளில் அதன் மதிப்பு ஏறத்தாழ 190 கோடி டொலர் என்பதை ஒப்பிட்டால் வீழ்ச்சியின் ஆழம் தெரியும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹலோபிரெஷ் தன் இலாப எதிர்பார்ப்பைக் குறைத்தபோது, அதன் பங்கு ஒரே நாளில் 40 வீதத்துக்கும் மேலாகச் சரிந்தது.

பெட்டியின்மீது சாட்டப்பட்ட மற்றொரு குற்றம், அது குவிக்கும் அட்டையும் பிளாஸ்ரிக்கும் பற்றியது. இவ்விடயத்தில் 2019ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஐந்து வகை உணவுகளை எடுத்து, பெட்டியின்வழிச் சமைத்ததையும் கடையில் வாங்கிச் சமைத்ததையும் அவர்கள் ஒப்பிட்டனர். கடைவழி உணவே புவியை வெப்பமாக்கும் வாயுக்களைச் சராசரியாக 33 வீதம் கூடுதலாக வெளியிடுகின்றது என்று கண்டனர். காரணம் விரயம். கடையிலும் வீட்டிலும் அழுகி எறியப்படும் உணவு, சுற்றிய உறையினும் பெருங்கேடு விளைக்கின்றது. ஆனால் எஞ்சிய மரக்கறியை மறுநாட் கறியிலோ சூப்பிலோ சேர்க்கத் தெரிந்த கைக்கு அவ்விரயம் எப்போதும் குறைவு. பெட்டியோ எதையும் எஞ்சவிடுவதில்லை. ஆதலால் எஞ்சியதை ஆளும் கலையையும் அது கற்பிப்பதில்லை.

இன்னும் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. வீட்டிலிருந்து அகன்ற வேலை உலகிலிருந்து அகலவில்லை. குளிரூட்டிய பெரிய பண்டகசாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று பூண்டையும் வினாகிரிப் போத்தலையும் எண்ணி வைக்கின்றனர். 2021ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தின் ஒரோரா நகரிலுள்ள ஹலோபிரெஷ் பண்டகசாலைத் தொழிலாளர், தமக்குத் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தனர். வேண்டாம் என்ற தரப்பே வென்றது. ஆயினும் அவ்வாக்கெடுப்பு நடைபெற்றதே, ஒரு வீட்டின் மாலை அமைதிக்குப் பின்னால் மற்றொருவரின் பகலுழைப்பு நிற்கின்றது என்பதை வெளிப்படுத்திற்று. பம்பாய் நகரில் 1890ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் டப்பாவாலாக்களின் முறையை இதனோடு ஒப்பிடலாம். அங்கே வீட்டில் ஆக்கிய உணவு பெட்டியில் ஏறி, அலுவலகத்திலிருப்பவரைத் தேடிச் செல்கின்றது. இங்கே ஆக்காத உணவு பெட்டியில் ஏறி வீட்டைத் தேடி வருகின்றது. முன்னதில் தீர்மானித்தவர் வீட்டார். பின்னதில் தீர்மானித்தவர் தொலைவிலுள்ள நிறுவனத்தார்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? சமையலின் பாரம் அடுப்பிலே இருக்கின்றது என்று எண்ணியோர் அடுப்பை அகற்ற முயன்று தோற்றனர். பாரம் நடையிலே இருக்கின்றது என்று எண்ணியோர் அறையைச் சுருக்கினர். பாரத்தின் பெரும்பகுதி எண்ணத்திலே இருக்கின்றது என்பதைச் சந்தையில் மெய்ப்பித்தது சமையற் பெட்டியே. அதே அரிசிக்கும் அதே மீனுக்கும் கடைவிலைக்கு மேலாகக் குடும்பங்கள் கொடுத்த பணம், பெரும்பாலும் அந்த எண்ணத்துக்கும் தேடுதலுக்கும் கொடுத்த கூலியே. வாணிபம் வென்றாலென்ன, தோற்றாலென்ன, இந்த உண்மையை அது விலைச்சீட்டில் எழுதிக் காட்டிவிட்டது.

1868இல் மெலுசீனா பியர்ஸ் அம்மையார் கணவன்மாருக்கு எழுத விரும்பிய கணக்குச்சீட்டு அன்று நகைப்புக்கிடமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே கணக்கை நிறுவனங்கள் எழுதின. மக்கள் மறுப்பின்றிக் கொடுத்தனர். அந்நியர் செய்தபோது பத்து டொலர் தட்டில் மறைந்திருந்து கூலி பெற்ற அவ்வேலை, வீட்டில் ஒருத்தி செய்தபோது வேலை என்ற பெயரைக்கூடப் பெற்றதில்லை. பெட்டி வாங்கும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை; இருக்க வேண்டுவதுமில்லை. ஆனால் அது கற்பித்த கணக்கை அறிவதற்குப் பணம் வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது, என்ன சமைப்பது என்று எண்ணும் பொறுப்பை வீட்டிலுள்ள மற்றொருவர் ஏற்றுக்கொண்டு, கையிருப்பைப் பார்த்து, சந்தைக்கும் போய்வருவாராயின், எந்த நிறுவனமும் அனுப்ப முடியாத உதவி அவ்வீட்டுக்குக் கிடைத்துவிடும்.